ஹாலம் என்றொரு நண்பன்

முன்னாள் மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரையும், கண்டிப்பான பேராசிரியர்களையும், கட் அடித்துவிட்டுப் போன மேட்னி ஷோவையும் எழுதி அனுப்பிவிடுகிறோம். அவற்றைப் படிப்பதில் எனக்கும் ஆனந்தம்தான். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்காக வேறொரு கல்லூரியில், ஏறத்தாழ இருநூறு வருஷங்களுக்கு முன்னால் சேர்ந்து படித்த இரண்டு பேரைப் பற்றி எழுதுகிறேன். ஒருவர் நமக்குத் தெரிந்தவர், ஆங்கிலக் கவிஞர் டென்னிசன். நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் யாரும் அவருடைய 'யுலிஸிஸ்' கவிதையைப் படிக்காமல் தப்பித்திருக்க முடியாது. இன்னொருவன் ஆர்தர் ஹென்றி ஹாலம். இவனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். இருபத்திரண்டு வயசோடு நின்றுபோன பையனுக்கு 'அவர்' போட எனக்கு மனசு வரவில்லை.

ஆல்ஃபிரட் டென்னிசன் 1809 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் சாமர்ஸ்பி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். தாத்தாவுக்கு ஏகப்பட்ட சொத்து. ஆனால் மூத்த மகனான இவரை ஒதுக்கிவிட்டு இளைய மகனைத்தான் வாரிசாக்கினார். அந்த மனக்கசப்பிலேயே அப்பா குடியில் விழுந்தார். வலிப்பு நோயும் இருந்தது. கோபம் வந்தால் வீடு தாங்காது. பதினோரு பிள்ளைகள் வளர்ந்த அந்த வீட்டில் ஆல்ஃபிரட் இருட்டிய பிறகு வெளியே போய் உட்கார்ந்துகொண்டிருப்பாராம். 1827-இல் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். நல்ல உயரம், கிட்டப்பார்வை, நாலு பேர் கூடியிருந்தால் வாயைத் திறக்க வராது. அப்படிப்பட்ட பையன்கள் எல்லா வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒருவராவது இருப்பார்கள்.

ஹாலம் நேர் எதிர். 1811-இல் லண்டனில் பிறந்தவன். தந்தை ஹென்றி ஹாலம் புகழ்பெற்ற சரித்திர ஆசிரியர். ஈட்டன் பள்ளியில் படித்தபோது அவனுடைய நெருங்கிய தோழன் க்ளாட்ஸ்டன். ஆமாம், பிற்காலத்தில் நாலு தடவை பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்த அதே க்ளாட்ஸ்டன்தான். குடும்பத்தோடு இத்தாலியில் தங்கியிருந்தபோது அந்த மொழியைக் கற்று அதிலேயே கவிதை எழுதிப் பார்த்தவன். பேச்சில் மன்னன். கணக்கு மட்டும் கசப்பு. 1828 அக்டோபரில் அவனும் ட்ரினிட்டிக்கு வந்து சேர்ந்தான்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது 1829-இல். அந்த வருஷம் பல்கலைக்கழகத்தின் தங்கப் பதக்கத்துக்கான கவிதைப் போட்டிக்குக் கொடுத்த தலைப்பு, ஆப்பிரிக்காவிலுள்ள டிம்பக்டூ நகரம். யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை! டென்னிசன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு பழைய கவிதையைத் தட்டி ஒட்டி, தலைப்புக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பினார். பரிசு அவருக்கே வந்தது. மேடையேறிப் படிக்கக் கூச்சப்பட்டு வேறொரு மாணவரைப் படிக்கச் சொல்லிவிட்டார். அதே போட்டிக்கு ஹாலமும் எழுதியிருந்தான், பரிசு கிடைக்கவில்லை. தோற்றவன் என்ன செய்தான் தெரியுமா? இந்த டென்னிசன்தான் நம் தலைமுறையின் பெருங்கவிஞராக வரப்போகிறார் என்று அன்று முதல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். க்ளாட்ஸ்டனுக்கும் அப்படியே எழுதினான். பதினெட்டு வயசுப் பையனுக்கு இந்த மனசு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜில் 'அப்போஸ்தலர்கள்' என்ற பெயரில் ஒரு சின்ன மாணவர் கழகம் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருவர் அறையில் கூடி, ஒருவர் கட்டுரை படிக்க, மற்றவர்கள் அதைப் பிய்த்து உதறுவார்கள். 1829-இல் இருவரும் அதில் உறுப்பினரானார்கள். டென்னிசன் பேய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படிக்க வேண்டிய நாள் வந்ததும் கூச்சம் பிடுங்கித் தின்ன, கிழித்துப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார். கழகத்தார் விட்டுவிடவில்லை. உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன, வாருங்கள் உட்காருங்கள் என்று வைத்துக்கொண்டார்கள்.

மாணவப் பருவத்துக்கே உரிய கிறுக்குத்தனமும் ஒன்று உண்டு. 1830 கோடை விடுமுறையில் இரண்டு பேரும் பிரான்ஸ் வழியாகப் பிரனீஸ் மலைக்குப் போனார்கள். ஊர் சுற்ற மட்டும் இல்லை. ஸ்பெயின் மன்னரின் கொடுங்கோலை எதிர்த்த டோரிஹோஸ் என்ற தளபதியின் ஆட்களுக்குப் பணமும், கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிய கடிதங்களும் கொண்டுபோனார்கள். மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த வருஷக் கடைசியில் அந்தத் தளபதியைக் கடற்கரையில் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள். ஆனால் இவர்களுக்கு அந்தப் பயணத்தில் மிஞ்சியது புரட்சி இல்லை, கோட்ரே என்ற பள்ளத்தாக்கும் அதில் இரைந்து ஓடும் ஆறும்தான். அந்த ஆறு பின்னால் வரும்.

1831 மார்ச்சில் டென்னிசனின் தந்தை காலமானார். கடன், பெரிய குடும்பம், ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பட்டம் வாங்காமலே கேம்பிரிட்ஜை விட்டார். (இன்றைய மாணவச் செல்வங்கள் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்!) சாமர்ஸ்பி வீட்டில் குழாய் புகைத்துக்கொண்டு, எழுதியதைத் திருத்திக்கொண்டு கிடந்தவருக்காக வெளியுலகத்தில் ஓடியாடி வேலை பார்த்தவன் ஹாலம். இருவரும் சேர்ந்து ஒரே புத்தகம் போடுவதாக முதலில் ஒரு திட்டம் இருந்தது. ஹாலத்தின் அப்பா ஒப்பவில்லை. அதனால் 1830-இல் டென்னிசனின் கவிதைகள் மட்டும் தனிப் புத்தகமாக வந்தன. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒரு பத்திரிகையில் அதற்கு நீண்ட விமரிசனம் எழுதினான் ஹாலம். நண்பன் புத்தகம் என்று வெறுமனே புகழ்ந்து தள்ளிய கட்டுரை அல்ல அது. கவிதை என்பது எண்ணங்களைப் போதிப்பதைவிட, புலன்கள் உணர்ந்ததை நேரடியாகத் தருவது என்று ஒரு கொள்கையையே அதில் வகுத்திருந்தான். எண்பது வருஷம் கழித்து ஐரிஷ் மகாகவி யேட்ஸ் அந்தக் கட்டுரையிலிருந்து தாம் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதும்போது ஹாலத்துக்கு வயது இருபது.

1832 கடைசியில் வந்த அடுத்த தொகுப்புக்குப் பதிப்பாளர் மாக்ஸனிடம் பேச்சுவார்த்தை நடத்தியவனும் அவனே. டென்னிசன் கடைசி நேரத்தில் ஒரு நீண்ட கவிதையை எடுத்துவிடச் சொல்ல, அவன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினான். பலிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை 1833 ஏப்ரலில் 'குவார்ட்டர்லி ரெவ்யூ' பத்திரிகையில் க்ரோக்கர் என்பவர் கிழிகிழியென்று கிழித்தார். படித்துவிட்டு இடிந்துபோன டென்னிசனைத் தட்டிக்கொடுத்தவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நம்மில் சிலருடைய முதல் கதையையும் ஒரு சிநேகிதன்தானே நகலெடுத்து, ஸ்டாம்ப் ஒட்டி, பத்திரிகைக்கு அனுப்பினான்?

இதற்கு நடுவே இன்னொரு உறவும் முளைத்திருந்தது. சாமர்ஸ்பிக்கு வந்த இடத்தில் ஹாலத்துக்கும் டென்னிசனின் தங்கை எமிலிக்கும் பிரியம். அவனுடைய அப்பா, இருபத்தொரு வயது ஆகும்வரை அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று தடை போட்டார். பையன் கீழ்ப்படிந்தான். 1832 பிப்ரவரியில் வயது நிரம்பிய பிறகே போனான். கல்யாணம் நிச்சயமாயிற்று என்றாலும் பெண் வீட்டுத் தாத்தா எவ்வளவு கொடுப்பார் என்பதில் இரு பெரியவர்களுக்கும் இழுபறி. இந்த விஷயத்தில் சீமையும் நம்மூரும் ஒன்றுதான் போல! பட்டம் வாங்கிய ஹாலம் லண்டனில் சட்டம் படிக்கப் போனான். சொத்துப் பத்திரங்கள் தயாரிக்கும் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து காகிதம் புரட்டினான்.

1833 கோடையில் தந்தையும் மகனும் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார்கள். ஹங்கேரி பார்த்துவிட்டு வியன்னா வந்தபோது அவனுக்குக் கொஞ்சம் ஜுரம். பயப்படும்படி ஒன்றுமில்லை. செப்டம்பர் 15-ஆம் தேதி உடம்பு தேவலை போலிருந்தது. அப்பா உலாவப் போய்விட்டுத் திரும்பினார். மகன் சோபாவில் சாய்ந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டு தம் வேலையைப் பார்த்தார். வெகுநேரம் அசைவில்லை. பிறகுதான் அருகில் போய்ப் பார்த்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது.

சாமர்ஸ்பிக்குச் செய்தி வந்தது அக்டோபர் முதல் வாரத்தில். ஹாலத்தின் தாய்மாமன் எழுதிய கடிதம். அதைப் பிரித்துப் படித்த டென்னிசனுக்கு அழக்கூட அவகாசமில்லை. உள்ளே போய்த் தங்கையிடம் சொல்ல வேண்டிய வேலை அவருடையது.

உடலை வியன்னாவிலிருந்து ட்ரியஸ்ட் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். இங்கிலாந்து வந்துசேர டிசம்பர் கடைசியாகிவிட்டது. 1834 ஜனவரி 3-ஆம் தேதி, தாய்வழிக் குடும்பத்தின் ஊரான கிளிவ்டனில், கடலைப் பார்த்த மாதா கோவிலுக்குள் அடக்கம் நடந்தது. டென்னிசன் போகவில்லை. ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அதில் விவாதிக்க எதுவுமிருப்பதாகத் தோன்றவில்லை. போக முடியாதவர்கள் உண்டு, அவ்வளவுதான். மகனுடைய எழுத்துகளைத் தொகுத்து அந்தத் தந்தை சொந்தச் செலவில் அச்சிட்டார். அதற்கு அவனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதித் தரும்படி டென்னிசனைக் கேட்டார். முயன்று பார்த்தேன், வரவில்லை என்று பதில் போனது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் செட் ஞாபகம் வருகிறது. எங்களிலும் ஒருவன், இறுதியாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே போய்விட்டான். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மலருக்கும் அவனைப் பற்றி யாராவது எழுதுங்களேன் என்று பேச்சு வரும். அவன் ரூம்மேட்டைப் பார்ப்போம். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. அவருக்கு எழுத வராது என்றில்லை. மற்ற விஷயங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவார்.

டென்னிசனும் எழுதாமல் இல்லை. கேட்டவர்களுக்கு எழுதித் தரவில்லை, அவ்வளவே. இறப்புச் செய்தி வந்த அந்த அக்டோபரிலேயே நாம் பாடமாகப் படித்த 'யுலிஸிஸ்' பிறந்துவிட்டது. கிழட்டு மன்னன் மறுபடி கடலுக்குப் புறப்படும் வீரக் கவிதை என்றுதான் வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டோம். இருபத்துநாலு வயசு இளைஞர், நண்பனைப் பறிகொடுத்த சில வாரங்களில், எப்படியாவது மேலே நகர வேண்டுமே என்று எழுதியது அது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள், வேறு கவிதையாக இருக்கும். ஆர்தர் மன்னனின் மரணத்தைப் பாடிய கவிதையும் அதே காலத்தில் தொடங்கியதுதான். நண்பனின் பெயரும் ஆர்தர்தானே!

கூடவே, கணக்கெழுதும் பேரேடு போன்ற நீளமான நோட்டுப் புத்தகத்தில் சின்னச் சின்னதாகக் கையறுநிலைப் பாட்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன. நாலு நாலு அடி. முதலடிக்கும் நாலாவதுக்கும் இயைபு, நடு இரண்டுக்கும் இயைபு. ஆரம்பகாலப் பாட்டுகளில் உடலைச் சுமந்துவரும் அந்தக் கப்பலையே கூப்பிட்டுப் பத்திரமாகக் கொண்டுவா என்று கேட்கிறார். இன்னொன்றில், தூக்கம் வராமல் விடியுமுன்பே லண்டன் விம்போல் தெருவில் ஹாலத்தின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கதவு திறக்கப் போவதில்லை என்று தெரியும். மழைத்தூறலோடு பொழுது விடிகிறது. கிறிஸ்துமஸ் மூன்று தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் துக்கம் ஒரு படி இறங்கியிருக்கிறது. அப்புறம் கேள்விகள்: ஆன்மா உண்டா, மறுபடி சந்திப்போமா? லையல் என்பவரின் மண்ணியல் நூலைப் படித்திருந்தார். உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்து பாறைகளில் படிந்து கிடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, படைத்தவனுக்கு என் ஒரு நண்பன் ஒரு பொருட்டா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. டார்வினின் நூல் வந்தது 1859-இல். இந்தப் பாட்டுகள் அதற்கு முந்தியவை.

பதினேழு வருஷம் இப்படி ஓடிற்று. 1832-க்குப் பிறகு 1842 வரை புத்தகமே போடவில்லை. அந்தப் பேரேட்டையும் ஒருமுறை லண்டனில் வாடகை அறையின் தின்பண்ட அலமாரியில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்! கோவென்ட்ரி பாட்மோர் என்ற இளங்கவிஞர் போய் வீட்டுக்கார அம்மாளிடம் மன்றாடித் தேடி எடுத்து வந்தார். இல்லாவிட்டால் ஆங்கில இலக்கியத்தில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கும்.

எமிலியின் கதையையும் சொல்லியாக வேண்டும். மகன் போன பிறகும் ஹென்றி ஹாலம் அவளை மருமகளாகவே பாவித்தார். வருஷத்துக்கு 300 பவுன் கொடுத்துவந்தார். எட்டு வருஷங்களுக்கு மேல் காத்திருந்துவிட்டு 1842 ஜனவரியில் அவள் ஜெஸ்ஸி என்ற கடற்படை அதிகாரியை மணந்துகொண்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்படிப்பட்டவனை மறந்துவிட்டாளே என்று தூற்றினார்கள். அண்ணன் துக்கத்தைப் பாட்டாக்கினால் கவிஞன், தங்கை துக்கத்தைத் தாண்டி ஒரு வாழ்க்கை அமைத்துக்கொண்டால் துரோகியா? எனக்கு இதில் எமிலி பக்கம்தான். அவள் தன் மூத்த மகனுக்கு வைத்த பெயரில் ஆர்தர் ஹென்றி ஹாலம் முழுசாக இருக்கிறது. கிழவர் ஹென்றி ஹாலமும் அந்தப் பணத்தை நிறுத்தவில்லை. பெரிய மனுஷர். 1850-இல் அவருடைய இன்னொரு மகனும் இத்தாலியில் இளம் வயதில் இறந்துபோனான்.

அதே 1850 மே மாதக் கடைசியில் 129 பாட்டுகளும், முன்னும் பின்னும் ஒவ்வொன்றுமாக 'இன் மெமோரியம்' வெளிவந்தது. அட்டையில் நண்பனின் முதலெழுத்துகளும் இறந்த வருஷமும் மட்டும். எழுதியவர் பெயர் கிடையாது. யாரோ ஒரு ராணுவ வீரரின் விதவை எழுதியதாக்கும் என்று ஒரு விமரிசகர் தீர்மானித்துவிட்டார்! ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை இத்தனை உருக்கமா என்று முகம் சுளித்த பத்திரிகையும் உண்டு. ஜனங்கள் சுளிக்கவில்லை. வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். ஜூன் 13-ஆம் தேதி, நீண்டகாலம் தள்ளிப்போன திருமணம் டென்னிசனுக்கு நடந்தது. மணமகள் பெயரும் எமிலிதான், எமிலி செல்வுட். மணக்கோலத்தில் புறப்பட்டவர்கள் முதலில் போன இடங்களில் ஒன்று கிளிவ்டன். அப்போதுதான் முதன்முறையாக நண்பனின் கல்லறையைப் பார்க்கிறார். புத்தகம் அதற்குள் கடைக்கு வந்தாகிவிட்டது! பீடத்தருகே கல்வெட்டு இருப்பதாகக் கற்பனையில் பாடியிருந்தார். போய்ப் பார்த்தால் வேறு மூலையில் இருந்தது. பிந்தைய பதிப்பில் அந்தச் சொல்லை மாற்றினார்.

அந்த நவம்பரிலேயே அரசவைக் கவிஞர் பதவி. 1852-இல் பிறந்த மகனுக்கு ஹாலம் என்று பெயர் வைத்தார். 1861-இல் குடும்பத்தோடு பிரனீஸ் போனபோது கோட்ரே பள்ளத்தாக்கில் அந்தப் பழைய ஆற்றங்கரையில் நடந்தார். ஆற்றின் இரைச்சலில் நண்பன் குரல் கேட்பதாக ஒரு சிறு கவிதை அங்கே பிறந்தது. அதில் முப்பத்திரண்டு வருஷம் என்று கணக்குச் சொல்கிறார். 1830-க்கும் 1861-க்கும் முப்பத்தொன்றுதான். தப்பு தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டார். அந்த வருஷக் கடைசியில் கணவரை இழந்த விக்டோரியா மகாராணி, 'இன் மெமோரிய'த்தை எடுத்துப் படித்து, தம் பிரதியில் மனைவியை இழந்தவன் என்று வரும் இடத்தைக் கணவனை இழந்தவள் என்று கைப்படத் திருத்தி வைத்துக்கொண்டார். 1862-இல் கவிஞரை வரவழைத்துப் பேசினார்.

இன்னொரு கப்பலும் அவர் வாழ்க்கையில் வந்தது. இளைய மகன் லயனல் லண்டனில் இந்தியா ஆபீசில் வேலை பார்த்தவர். நம் நாட்டுக்குச் சுற்றுப்பயணம் வந்த இடத்தில் அஸ்ஸாமில் காட்டு ஜுரம் கண்டு, 1886 ஏப்ரலில் ஊர் திரும்பும் வழியில் செங்கடலில் கப்பலிலேயே காலமானார். வயது முப்பத்திரண்டு. நண்பனின் உடலையாவது கப்பல் கரைசேர்த்தது. மகனைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள்.

ஹாலம் உண்மையில் அவ்வளவு பெரிய ஆளா, டென்னிசன் ஊதிப் பெரிதாக்கிவிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. க்ளாட்ஸ்டன் அரசியலில் எத்தனையோ மேதைகளைப் பார்த்தவர். 1898-இல், தாம் இறந்த வருஷத்தில், எண்பத்தெட்டு வயதில், ஈட்டன் தோழனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம்மோடு படித்தவர்களில் அவனுக்கு இணையாக யாரும் இல்லை என்பதே அதன் சாரம். பள்ளிக்கூடம் விட்டு எழுபது வருஷம் கழித்து!

டென்னிசன் 1892 அக்டோபர் 6-ஆம் தேதி காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1897-இல் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டவர் மூத்த மகன் ஹாலம். அதில் தந்தை அந்த முதல் ஹாலத்துக்கு எழுதிய கடிதங்களைத் தேடினால் கிடைக்காது. மகன் இறந்த பிறகு ஹென்றி ஹாலம் அவற்றையெல்லாம் அழித்துவிட்டார்.